மூலைக்கு ஒரு கல்

மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம்.
யே ஜீ, யே ஜீ என்று
ஒலிபெருக்கி கட்டிய வண்டி
தெருவை இரண்டு முறை சுற்றிப் போனது.
பெகுவில் ஆடி பிறந்தால் இது வழக்கம்தான்.
வழக்கம் என்பதற்காகத் தண்ணீர் குறைந்து வருவதில்லை.

முதலில் அட்டைகள்.
அடையாள அட்டை, குடும்பப் பட்டியல்,
நிலாரின் பள்ளிச் சான்று
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில்,
அந்தப் பை இன்னொரு பையில்,
அது என் லுங்கி முடிச்சில், வயிற்றோடு.
அரிசி நனைந்தால் கஞ்சி.
அட்டை நனைந்தால் நாங்கள் யாரென்று
ஆறு மாதம் வரிசையில் நின்று சொல்லவேண்டும்.

முனீஸ்வரன் கோவில் மதிலுக்கு இறக்கிய செங்கல்
சும்மாதான் கிடந்தது.
எட்டுக் கல் எடுத்தேன்.
கணக்கெழுதி அவர் காலடியில் வைத்திருக்கிறேன்.
அவருக்கும் முழங்கால் வரை வரும்,
கோபித்துக்கொள்ள நேரம் இருக்காது.

நாலு கல் கட்டில் கால்களுக்கு.
கரி மூட்டை பரணில், கோழிகள் அதன்மேல்.
கக்கூஸ் வாயை மண்மூட்டையால் அடைத்தேன்:
போன வருடத்துப் பாடம், விவரிக்க மாட்டேன்.

நிலைப்படியில் போன வருடத் தண்ணீர்
ஒரு பழுப்புக் கோடு.
நிலார் அதில் முதுகை ஒட்டி நின்றாள்.
"போன தடவை கழுத்து. இப்போ நெஞ்சுதாம்மா."
தண்ணீருக்கும் ஒரு வயது கூடியிருக்கும் என்று
நான் சொல்லவில்லை.
செருப்பைக் கயிற்றில் கோத்துக் கட்டு என்றேன்.

நாலு மணிக்கு ஜொகூரிலிருந்து அவர்,
இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்தினார்:
"ஃபிரிட்ஜைத் தூக்கினியா?"

ஃபிரிட்ஜ் தை மாதமே போயிற்று.
ஏஜெண்டுக்குப் பட்ட கடன் வட்டி போட,
ரங்கூன்காரன் ஒருவன் கயிறு கட்டி ஏற்றிப்போனான்.
அவருடைய முதல் போனஸில் வாங்கியது.
அவர் அதைத் தொட்டதே இல்லை,
படத்தில் பார்த்ததோடு சரி.
சொல்ல ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இது அந்த நாள் இல்லை.

"தூக்கியாச்சு."
"எத்தனை கல்லு?"
"மூலைக்கு ஒண்ணு."
"ரெண்டா வை. மோட்டார் அடியிலதான் இருக்கு."
"சரி."
"பிளக்கு?"
"புடுங்கிட்டேன்."

அது நின்ற இடம் சுவரோரம்
சதுரமாக இன்னும் வெள்ளையாக இருக்கிறது.
மிச்ச நாலு கல்லை அங்கே வைத்தேன்,
மேலே அரிசி டின்.
நிலார் பார்த்தாள்.
தப்பிய கோழியைப் பிடிக்கப் போய்விட்டாள்.

இரவு பொங்கி மடத்து மாடியில்
இருநூறு பேர், யாரோ ஒருவர் இருமல்,
டோ கின் சோ பிரித்துக் கொடுத்த அவித்த பட்டாணி.
கீழே எங்கள் தெரு
ஆறு போகிற பக்கமே போய்க்கொண்டிருந்தது.

போன் மறுபடி.
நான் எட்டுமுன் அவள் எடுத்துவிட்டாள்.
"அப்பா, ஃபிரிட்ஜ் நனையல."

அது உண்மைதான்.

பிறகு, அவர் கேட்காமலே:
"ரெண்டு ரெண்டு கல்லு வச்சோம்ப்பா."