மூண்டு விநாடி

பந்து கைக்கு வந்தால் நடக்கேலாது.
வலைப்பந்தின்ர சட்டம் அது.
மூண்டு விநாடிக்குள்ள ஆருக்காவது எறிய வேணும்,
இல்லாட்டி விசில்.

செவ்வாய்க்கிழமை, ஏழாம் பாடம்.
மல்லாவியில வலயப் போட்டி, இன்னும் பத்து நாள்.
சென்ரர் எண்டு எழுதின மஞ்சள் துணியை
நெஞ்சில கட்டிக்கொண்டு
நடு வட்டத்தில நான்.

ஒண்டு.
வினுசிகா கோல் கம்பத்தைப் பிடிச்சபடி
குதியில ஏறின நெருஞ்சி முள்ளை நோண்டுறாள்.
அரை மணித்தியாலமா அதே முள்.
ஒட்டுசுட்டானில இருக்கிற நெருஞ்சி முழுக்க
உவளின்ர காலுக்குள்ளதான் விளைஞ்சதோ?

ரெண்டு.
கம்சாயினி கையைத் தூக்கி
எனக்கு, எனக்கு எண்டு கத்துறாள்,
எதிராளியள் ரெண்டு பேருக்குப் பின்னால நிண்டு.
எறிஞ்சால் பந்து அவளிட்டப் போகாது.
எறியாட்டில் பின்னேர பஸ்ஸில
எனக்கு இடம் பிடிக்க மாட்டாள்.

யதுசாவும் டினோவும் ஓரக் கோட்டில
ஏதோ கதையின்ர நடுவில நிக்கினம்.
பந்து வந்தால் ஒதுங்கி வழி விடுகினம்,
மணல் டிப்பருக்கு விலத்தின மாதிரி.
கோல் கீப்பர் சுபாங்கி
மூக்குக் கண்ணாடியைக் கழட்டிப் பையில வைச்சிட்டாள்,
உடையக் கூடாதாம்.
இப்ப அவள் பந்தைப் பார்க்கிறேல்ல,
பந்து வாற சத்தத்தைப் பார்க்கிறாள்.
பாமினி வயித்துக்குத்தெண்டு பாலை மரத்தடியில.
அவளின்ர துணி மட்டும் வந்திருக்கு,
காத்தில பறக்காமல் ஒரு கல்லுக்குக் கீழ.

மூண்டு.
விசில்.

பந்தை வைச்சிருந்தது ஆர் எண்டு சேர் கேக்கிறார்.
நான்தான் சேர்.
ஒவ்வொரு முறையும் நான்தான் சேர்.

ஏழு பேர் ஆடுற ஆட்டம் எண்டு புத்தகத்தில கிடக்கு.
எண்ணிப் பார்த்தன்.
ஏழு துணி இருக்கு.

பேசினன். நல்லாப் பேசினன்.
எருமையள் எண்டும் சொன்னன்.
வேலிக்கு அங்கால மேய்ஞ்சதுகள்
தலை நிமித்தி ஒருக்காப் பார்த்ததுகள்.
இவையள் பார்க்கேல்ல.

அந்தக் கோவத்தில நான் எறிஞ்ச எறிக்குப்
பந்து கோடு தாண்டி வேலி தாண்டி
வாய்க்காலுக்குள்ள.

முத்தையன்கட்டுக் குளம் திறந்த கிழமை,
சிறுபோகத் தண்ணி, நல்ல இழுவை.
பள்ளிக்கூடத்துக்கு இருக்கிறதே அந்த ஒரு பந்து.

பேந்து நடந்ததை
எந்தப் பயிற்சியிலயும் நான் காணேல்ல.
வயித்துக்குத்துப் பாமினி எல்லாருக்கும் முன்னால.
முள்ளுக் காலோட வினுசிகா
கட்டு வழிய பந்தை முந்தி ஓடி
மதகடியில தொப்பெண்டு குதிச்சாள்.
மறிச்சாள், மேல தட்டினாள்.
கரையில கம்சாயினி, அவளிட்ட இருந்து யதுசா,
டினோ,
வேலிக்கு இங்கால சுபாங்கி,
கண்ணாடி இல்லாமல், ஒற்றைக் கையால.
ஆரும் ஆரின்ர பேரையும் கூப்பிடேல்ல.
ஒரு விநாடிக்கு மேல ஆரிட்டயும் பந்து நிக்கேல்ல,
நான் எண்ணிக்கொண்டுதான் நிண்டன்.

எண்ணிக்கொண்டு நிண்டதால
எனக்கு வரேல்ல பந்து.
பிறகுதான் விளங்கிச்சு,
எல்லாருக்கும் பின்னால
கையைத் தூக்கி
எனக்கு, எனக்கு எண்டு கத்தியிருக்கிறன்.

திரும்ப வந்தம், சேறும் சிரிப்புமா.
சேர் ஒண்டும் கேக்கேல்ல,
மணிக்கூட்டைப் பார்த்தார், விசிலை ஊதினார்.
நடு வட்டம்.
ஊறின பந்து கல்லு மாதிரிப் பாரம்.

ஒண்டு.
வினுசிகா குனிஞ்சு முள்ளைத் தேடுறாள்.
பாமினி மரத்தடிக்குப் போயிட்டாள்.
யதுசா விட்ட இடத்தில இருந்து
டினோவுக்குக் கதையைத் தொடங்கிறாள்.

ரெண்டு.
பந்தில இருந்து வாய்க்கால் தண்ணி
என்ர முழங்கை வழிய ஒழுகி
கோட்டில விழுகுது.