காற்று வரும் பக்கம்

குளிர் ஊர்க்காரனுக்கு எதுக்கய்யா ஏசி
என்று மதுரையில் கேட்பார்கள்.
கண்ணாடிக்கு.
வடகவுஞ்சி தாண்டியதும்
மஞ்சு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்
வாடகை தராத ஐந்தாவது ஆள் மாதிரி.

மூன்று வாரமாக
நாலில் வைத்தாலும் ப்ளோயர்
இரைகிறதே தவிர ஊதவில்லை.
ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் பனியன் துணி,
துடைத்துத் துடைத்தே மலை இறங்கினேன்.
வத்தலக்குண்டு மெக்கானிக்
கேஸ் போச்சு, காயில் போச்சு, மூவாயிரம் என்றான்.
சிவகாசிக் குடும்பம் ஒன்று
மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது:
"அண்ணே, வண்டியில ஏதும் செத்துக் கெடக்கா?"

செத்துக் கிடந்தது எங்கள் பேச்சுவார்த்தை.

வண்டி ஒன்று, ஓனர் இரண்டு.
ஒற்றைப்படைத் தேதி எனக்கு,
இரட்டைப்படை பெர்க்மான்ஸுக்கு.
முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வரும்போது
அவன் முகத்தைப் பார்க்க முடியாது.
டேஷ்போர்டு டப்பாவில் கோடு போட்ட நோட்டு:
டீசல், பஞ்சர், செக்போஸ்ட்,
யார் யாருக்கு எவ்வளவு.
புரட்டாசியில் அதில் ஒரு தாளைக் காணவில்லை.
நான் கிழிக்கவில்லை.
அவனும் கிழிக்கவில்லையாம்.
அதற்குப் பிறகு சாவியை
பெருமாள்மலை பேக்கரியில் கொடுத்து
பேக்கரியில் வாங்கிக்கொண்டோம்.

இன்று இருபத்தொன்பது, என் நாள்.
அவன் ஏன் வந்தான் தெரியாது.
நாற்றம் யாருடையது என்று பார்க்க இருக்கலாம்.

டப்பாவின் இரண்டு கன்னத்தையும் அமுக்கினால்
வாயைப் பிளந்து தொங்கிவிடும்.
பின்னால் ஒரு மூடி, இரண்டு கொக்கி.
இழுத்தேன்.
வெள்ளையாய் இருந்ததாம் ஒரு காலத்தில்.
விசிறி மடிப்பு ஒவ்வொன்றிலும்
பைன் ஊசி, சீகை மரத்து மஞ்சள் தூள்,
லாரிக்காரன் விட்ட கறுப்பு,
ஈசல் இறகு, எண்ணவில்லை, நூறு இருக்கும்.
அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு
ஒரு கூடு.

சுண்டெலி குடியிருந்து
காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது.
மெத்தைக்கு என் சீட்டுப் பஞ்சு.
சுற்றிலும் அவன் மங்கி குல்லாவின் பச்சை நூல்.
நடுவில், குருணை குருணையாய்க் கடித்துப் போட்ட தாள்,
நீலக் கோட்டோடு.

பெர்க்மான்ஸ் அதைப் பானெட்டில் கொட்டி
ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்த்தான்.
ஒன்றில் "டீச".
நாலைந்தில் வெறும் "ரூ".
என் கையெழுத்தில் "பாக்கி 6".
ஆறா, அறுபதா, ஆறாயிரமா,
வாலை எலி தின்றுவிட்டது.
யார் யாருக்கு என்ற துண்டையும்.

"ஆறாயிரம், எனக்கு" என்றான்.
"ஆறு ரூபா, எனக்கு" என்றேன்.
அதற்குள் மஞ்சு வந்து
துண்டுகள் நனைந்து பானெட்டில் ஒட்டிக்கொண்டன.

புது ஃபில்டரின் விளிம்பில் ஓர் அம்பு,
காற்று போகும் திசை.
போன தடவை தலைகீழாய் மாட்டியது யார்
என்பதில் பத்து நிமிடம் போனது.
எலி நுழைந்த வழி வைப்பருக்குக் கீழே.
அடைக்க, அளவாய் வெட்டிய கொசுவலை
அவன் சட்டைப் பையில் இருந்தது.
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

சாவியைத் திருப்பி நாலில் வைத்தேன்.
கண்ணாடியின் கீழோரம் விரலகலம் தெளிந்து
மெல்ல மேலேறியது.
முதலில் பானெட்,
அதில் ஒட்டிய நீலக்கோட்டுத் துண்டு ஒன்று,
அப்புறம் பெர்க்மான்ஸின் பெல்ட்,
கழுத்து, குல்லா.

நோட்டில் எழுதினேன்:
ஃபில்டர் 350, பாதி பாதி.
பேனாவைப் பிடுங்கி அடியில் எழுதினான்:
கொசுவலை 20, முழுசும் உன்னுது.

நாளை முப்பது, அவன் நாள்.
அதற்கு மறுநாள் முப்பத்தொன்று என்பதை
இரண்டு பேருமே
சொல்லவில்லை.