வேலியோரத்து நான்கு மீட்டர்

ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவிய தட்டில்
ஓட்டைகளை எண்ணுவது என் வேலை.
ஒவ்வொரு ஓட்டையும்
ஒரு வைரஸ் மேய்ந்து முடித்த இடம்.
ஓட்டை குறைந்தால் நல்ல இரத்தம்.
இருபத்தாறு வருடமாக எண்ணுகிறேன்.
வீட்டில் மாவுச் சல்லடையைக் கையிலெடுத்தாலும்
கண் தானாக ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிடும்.

சான் லிசாந்த்ரோவில் மே மாதம் குளிர் ஏறும்.
மக்காச்சோளம் அறுத்த காட்டில்
இயந்திரம் கிளப்பும் தூசியோடு
எலி மூத்திரமும் மூச்சில் ஏறும்.
அரிதாள் நோய் என்றுதான் எங்கள் பக்கம் சொன்னார்கள்,
வைரஸுக்கு யாரும் பெயர் வைப்பதற்கு முன்பே.
முதலில் இடுப்பு வலி. பிறகு ஈறில் இரத்தம்.
பிழைத்தவர் ஒருவரின் பிளாஸ்மா
எட்டு நாளுக்குள் உடம்பில் ஏற வேண்டும்.
ஒன்பதாம் நாளைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

நிகானோர் பெல்லுச்சி பிழைத்தவர்.
வருடத்துக்கு இரண்டு முறை வந்து
இடது கையை நீட்டுவார்.
ஊசி இறங்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு
பக்கத்துப் பண்ணைத் தெல்மோ இரிகாராயைத் திட்டுவார்.
நான்கு மீட்டர் அகலம், அவ்வளவுதான்.
வேலி எந்த வருடம் நகர்ந்தது என்று
மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்பது வருட வழக்கு.
தீர்ப்பு வரும்வரை
அந்தத் துண்டில் இருவரும் கலப்பை வைக்கக்கூடாது.

அந்த வருடம்தான் தடுப்பூசியைச் சோதித்தோம்.
கினி எலியில் ஏற்றி,
பால்குடி மாறாத சுண்டெலியின் மூளையில்
நாற்பத்துச் சொச்சம் முறை குடிமாற்றி
பல் பிடுங்கிய பாம்பாக்கிய அதே வைரஸ்.
பாதிப் பேருக்கு அது,
மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர்.
யாருக்கு எது என்று குத்தியவளுக்கே தெரியாது.
தெல்மோ சட்டைக் கையை மடித்துவிட்டுச் சொன்னார்:
"எனக்கு நல்லதாப் பாத்துப் போடும்மா."
எண் 417.
பின்னால் உறையைப் பிரித்தபோது தெரிந்தது,
உப்புநீர்.

ஜூனில் அவரைக் கொண்டுவந்தார்கள், காய்ச்சலின் ஆறாம் நாள்.
மனைவியை மகள் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
அவர் இரத்த வகைக்கு ஒத்த பை
உறைபெட்டியில் இரண்டுதான் இருந்தது.
பையில் பெயர் இருக்காது, எண் மட்டும்.
எண்ணை எழுதியவள் நான்.
வாய் திறக்கவில்லை.
சொட்டுச் சொட்டாக
நிகானோர் தெல்மோவுக்குள் இறங்கினார்.

பிழைத்தார்.

அடுத்த சில மாதம் அவர் இரத்தத்தையும் எண்ணினேன்.
இரவல் வந்த எதிர்ப்பொருள் வாரத்துக்கு வாரம் தேயும்.
அது முழுதும் தீரும் முன்பே
அவருடைய செல்கள் தாமாகக் கற்று
சொந்தமாகச் செய்யத் தொடங்கிவிடும்.
இதில் எவ்வளவு நிகானோர், எவ்வளவு தெல்மோ?
தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இரண்டும் ஒரே மாதிரிதான் ஓட்டையை அடைத்தன.
அங்கே எந்த இடத்தில் வேலி போடுவது என்று
எனக்குப் பிடிபடவில்லை.

இதற்கிடையில் எலி பிடிக்கும் குழு வந்து பொறி வைத்தது.
வயலின் நடுவில் வைத்தவை காலி.
ஒன்பது வருடம் கலப்பை படாத அந்த நான்கு மீட்டரில்,
இடுப்பளவு புல்லுக்குள்,
நாற்பது பொறிக்குப் பதினேழு எலி.
ஐந்தின் இரத்தத்தில் வைரஸ்.
அறிக்கையில் "உழாத வேலியோரம்" என்று மட்டும் எழுதினேன்.
வழக்கு எண்ணைக் கேட்கும் கட்டம்
எங்கள் படிவத்தில் கிடையாது.

செப்டம்பரில் தெல்மோ தானாக வந்தார்,
பிழைத்தவர் என்ற உரிமையோடு, கையை நீட்ட.
பக்கத்து நாற்காலியில் நிகானோர்.
வேறு நாளில் வரச்சொல்ல மறந்தது என் தப்பு.
நாற்பது நிமிடம் இயந்திரம் மட்டும் பேசியது.
கடைசியில் தெல்மோ கூரையைப் பார்த்துச் சொன்னார்:
"அந்தப் புல்லை வெட்டணும்."
"கால வச்சுப் பாரு, நீதிபதிகிட்டப் போறேன்"
என்றார் நிகானோர், ஜன்னலைப் பார்த்து.
கொஞ்சம் கழித்து,
"என் பக்கத்துலேர்ந்து நான் வெட்டிக்கறேன்."
தெல்மோ பதில் சொல்லவில்லை.
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு
இருவரும் வேறு வேறு கதவால் போனார்கள்.

இரண்டு பைக்கும் எண் ஒட்டினேன்.
பெட்டியில் ஒரு அடுக்குதான் காலியாக இருந்தது.