முள் சிவப்பில்

மேடையேறுமுன் ஒரு வாளி ஐஸ் தண்ணீர் கேட்பான்.
குடிக்க இல்லை, தலையை முக்கி எடுக்க.
நிமிரும்போது ஜடை ஜடையாய் நீர் சொட்டும்,
டவேரியஸ் பூன் என்கிற டயர்க்கடைக்காரன்
அந்த வாளியிலேயே தங்கிவிட்டிருப்பான்.
சைரன் பூன் மேலே போவான்.

மெம்ஃபிஸில், லமார் அவென்யூவை ஒட்டி
பழைய ஸ்கேட்டிங் அரங்கு.
சக்கரங்கள் தேய்த்த மரத்தரையில் எழுநூறு பேர்.
பின்சுவரோரம் நானும் என் மிக்ஸரும்.
இருபத்துநாலு சேனல், அதில் ஒன்று அவன்.
மற்றவை அவனுக்கு அடியில் மூச்சுவிடப் பழகியவை.

'ஏய்' என்பான்.
இரண்டே எழுத்து.
எழுநூறு பேரும் அதை வட்டியோடு திருப்பித் தருவார்கள்.

நிறைகுடம் தளும்பாதாம்.
இவன் நிறைகுடம், தளும்புவான்,
முன்வரிசையை நனைத்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கே போவான்.
வாடகை பாக்கியைப் பாடினாலும்
படையெடுப்பை அறிவிப்பதுபோல் இருக்கும்.
ஸ்பீக்கர் மேல் ஏறுவான், குதிப்பான்,
குதித்த இடத்தில் நில்லாமல் கூட்டத்துக்குள் கரைவான்,
மைக்கின் ஒயர் மட்டும் அவன் போன திசையைச் சொல்லும்.
வயர்லெஸ் வாங்கித் தந்தேன், இரண்டை விழுங்கிவிட்டான்;
விழுங்கினான் என்றால், தொலைத்தான்.

ஜூலை வெக்கையிலும் எலுமிச்சை மஞ்சளில் பனிச்சறுக்கு ஜாக்கெட்.
கீழ்வரிசைப் பல்லில் தங்க உறை.
தங்கமில்லை என்பது எனக்குத் தெரியும்,
சாப்பிடும்போது கழற்றி
என் காபிக் கோப்பையில்தான் போடுவான்.

பதினோரு வருடம்.
என் இடது காதை அவன் தின்றாயிற்று.
நிகழ்ச்சி முடிந்து 'எப்படி?' என்பான்.
'மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்' என்பேன்.
எங்கள் உரையாடல் அவ்வளவுதான்.

போன மாதம் டாக்டர் மாப்
அவன் தொண்டைக்குள் கேமரா விட்டார்.
குரல்நாண் இரண்டிலும் கடுகளவில் காய்ப்பு.
பத்து நாள் வாய் திறக்கக் கூடாது.
கிசுகிசுப்பும் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதலாம்.

பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பலகை ஒன்று வாங்கி
கழுத்தில் மாட்டிக்கொண்டான்.
கோழிக்கடையில் எழுதினான்:
லெமன் பெப்பர். பத்து.
பலகை கொள்ளாத எழுத்து,
அடிக்கோடு இரண்டு, ஆச்சரியக்குறி மூன்று.
கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்:
'எதுக்கு சார் கத்துறீங்க?'

ஆறாம் நாள் காலி அரங்குக்கு வந்தான்.
கடைசி நிகழ்ச்சியின் பதிவைப் போடச் சொன்னான்.
இதுவரை உட்காராத என் நாற்காலியில் உட்கார்ந்தான்.
கொஞ்ச நேரம் கேட்டான்.
தன் குரல் தனக்கே அலுத்ததோ என்னவோ,
விரலை நீட்டித் தன் சேனலை
அடிவரை இறக்கினான்.

அவன் இல்லாத பாட்டு ஓடியது.
ஒடெஸா போட்ட பீட், பிறகு கூட்டம்,
அவன் விட்ட இடமெல்லாம் அவர்கள் நிரப்பியிருந்தார்கள்,
போன வருடம் அவனே மறந்த வரி உட்பட.
அவற்றுக்கெல்லாம் மேலே, மிகப் பக்கத்தில்,
ஒரு கரகர குரல்,
ஒரு வரியும் விடாமல், சுருதி எதிலும் சேராமல்
தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

கூட்டத்தைப் பதிவு செய்யும் மைக்
என் தலைக்கு மேலேதான் தொங்குகிறது.

அவன் மெல்லத் திரும்பினான்.
நான் ஏதோ ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்,
ஏற்கெனவே சுருட்டியிருந்ததை.

பலகையைத் துடைத்தான், எழுதினான்.
மூலையில், எறும்பு வரிசைபோல்,
ஆச்சரியக்குறி ஏதுமில்லாமல்:
அரைத்தாளம் பிந்துகிறாய்.

எழுந்து மேடைக்குப் போய்
ஷூவால் தட்டிக் காட்டினான்,
சொல் விழவேண்டியது எங்கே என்று.
மறுபடி தட்டினான். இங்கே.

மேடை மைக் எதையோ அணைக்க மறந்திருக்கிறேன்.
முள் துள்ளிப் போய்ச் சிவப்பைத் தொட்டது.