பெயருக்குப் பக்கத்தில் ‘சந்தேகம்’

ஞாயிறு, பதினொன்று ஐம்பத்திரண்டு.
டுலூத்தில் ஏரிப்பக்கமிருந்து
பனி சாய்வாக விழுகிறது.
மளிகைக்கடை வாசலில் மார்லிஸ்
காரை அணைக்கவில்லை, ஹீட்டருக்காக.

அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி.
டெவின் ஆர்க்கல். பெயருக்குப் பக்கத்தில்
சிவப்பில் ‘சந்தேகம்’. பின்தொடைத் தசை.
இல்லையென்றால் அந்தக் கத்துக்குட்டி பிலாஸ்கி,
வாராவாரம் ஆறு புள்ளி,
ரேஷன் மாதிரி.

எதிரே இந்த வாரம் கர்ட்,
கிளினிக்கில் பில் போடுகிறவன்.
தோற்றால் வெள்ளிவரை நக்கல்.

பதினெட்டு வருஷம்
அடுத்தவர் தொடைகளை அழுத்திப் பார்த்த
கட்டைவிரல் அவளுடையது.
நாலாவது வாரத்துத் தசை
பொய் சொல்லும் என்று அதற்குத் தெரியும்.
இவன் அவளிடம் வந்திருந்தால்
‘இன்னும் பத்து நாள்,
படியேறும்போதுகூடப் பார்த்து’ என்றிருப்பாள்.

வரவில்லையே.
ஆர்க்கலை உள்ளே இழுத்தாள்.
பன்னிரண்டுக்குப் பூட்டு விழுந்தது.

ஆட்டத்தின் மூன்றாவது கால்.
நாற்பத்தோரு கெஜம், ஒருவன் தொடவில்லை.
கர்ட்டிடமிருந்து கெட்ட வார்த்தையில் குறுஞ்செய்தி.
அவள் பந்தைப் பார்க்கவில்லை.
கோட்டைத் தாண்டியதும்
இடதுகாலை அவன்
தரையிடம் கேட்டுக் கேட்டு வைத்தானே,
அதைத்தான்
திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

இருபத்திரண்டு புள்ளி.
சோபா விளிம்பில் உட்கார்ந்து
தன் தொடையின் பின்புறத்தை
அழுத்திக்கொண்டிருந்தாள்.