ஒன்றும் ஓடவில்லை

திதுபே நிலையத்தில் வேன் நிரம்பக் காத்திருக்கிறது.
பதினெட்டுப் பேர் ஏறியாயிற்று,
நடைபாதையில் நின்றபடி ஒரு துணி துவைக்கும் இயந்திரம்.
எனக்கு ஜன்னலோரம்.

நுரை முனையை விரல்களுக்கிடையில் உருட்டிப்
பட்டாணியாய் ஒடுக்கி,
மறுகையால் காதுமடலை மேலே இழுத்து
உள்ளே விட்டுப்
பத்து வரை எண்ண வேண்டும்.
ஊறவைத்த கடலைபோல் அது மெல்ல வீங்கும்.
ஆறில், ஓட்டுநர் ஸவுரின் வானொலி போகும்.
எட்டில், பின்வரிசைச் சகோதரிகளின் கல்யாணச் சண்டை.
ஒன்பதில், எஞ்சின்; பாதிதான்.
பத்து.

வாரத்தில் ஐந்து நாள்,
நாளுக்கு எட்டு மணி நேரம்,
தண்ணீர் நிறுவனத்தின் புகார்த் தொலைபேசி நான்.
வணக்கம், நெஸ்தான் பேசுகிறேன்.
குழாயில் காற்று வருகிறது.
குழாயில் துரு வருகிறது.
குழாயில் ஒன்றும் வரவில்லை, உனக்கு வெட்கமில்லையா.
சனிக்கிழமை படுமி போகிறேன்,
கடலைப் பார்க்க.
கேட்க என்று சொல்லவில்லை.

ஓர் உண்மை:
இந்த ஒயரின் மறுமுனை
கோட்டுப் பைக்குள் சில்லறைகளோடு கிடக்கிறது.
எதிலும் செருகவில்லை.
பாட்டுக் கேட்கிறாள் என்றால் விட்டுவிடுகிறார்கள்.
சும்மா இருக்கிறாள் என்றால்
விடமாட்டார்கள்.

அமைதி என்று சொல்லவும் முடியாது.
ஒயர் ஜிப்பில் உரசினால்
மண்டைக்குள் எலி ஓடுகிறது.
எச்சில் விழுங்குவது பெரிய சம்பவம்.
ம்த்ஸ்கேத்தா தாண்டும்போது
குன்றின்மேல் தேவாலயம் தெரிய,
பதினெட்டுக் கைகள் சேர்ந்து எழுகின்றன,
மும்முறை சிலுவை,
ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஸவுரும்.
உதடுகள் மட்டும் அசைகின்றன.
சத்தமில்லாமல் பார்க்கையில்
எல்லோரும் ஒரே கொசுவை விரட்டுவதுபோல.
மன்னிக்கவும், நானும் விரட்டினேன்.

சுராமியில் சாலையோரம் ரொட்டிக்காரிகள்.
பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல்வழி ஒரு நாஸுக்கி வாங்கி
பாதியைப் பிய்த்து என் மடியில் வைத்தார்.
கடித்தேன்.
காதடைத்து மென்று பாருங்கள்,
மரக்கிளை முறிகிறது,
உலர்திராட்சைகூடச் சத்தம் போடுகிறது.

அவர் வாய் அசைந்தது.
ஒரு பக்கம் கழற்றினேன்.
"என்ன பாட்டு?"
ரொட்டி தின்ற வாயால் பொய் வரவில்லை.
"ஒன்றும் ஓடவில்லை."
"ஒன்றுமேயா?"
"ஒன்றுமே."
"கொடு, நானும் கேட்கிறேன்."

கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தேன்.
முர்மான் என்று பெயர்.
ஜெஸ்டபோனி உலையில் முப்பத்தொரு வருஷம்,
ஓய்வுபெற்று ஒன்பது.
துவைக்கும் இயந்திரம் அவருடையது.
விரல்கள் தடிமன், நுரை இரண்டு தடவை நழுவிற்று.
மூன்றாவதில் உட்கார்ந்தது.
கண்ணை மூடி விரல்விட்டு எண்ணினார்.

ஏழுக்குமேல் எண்ணவில்லை.
பெயர் மறந்த ஒருவரைத்
தெருவில் பார்த்ததுபோல் முகம்.
பத்து போயிருக்கும், இருபது போயிருக்கும்.
ரிகோதி சுரங்கம் எங்களை விழுங்கி
வெளியே விட்டது.
மெதுவாகக் கழற்றினார்.

"நாலாம் உலை," என்றார்.
"அவன்கள் இன்னும் அணைக்கவில்லை."

என்ன பதில் சொல்வது இதற்கு.
புகாரைப் பதிவு செய்துகொண்டோம், ஐயா,
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆள் வரும்.
அந்த வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது,
பழக்கம்.

அவர் முன்பக்கம் குரல் கொடுத்தார்:
"ஸவுர், பாட்டைக் கூட்டு!"
கூட்டினான் பாவி.
ஜால்ரா உடைந்த டிரம்ஸ், மேலே ஒருவன் அழுகிறான்.
முர்மான் சாய்ந்து உட்கார்ந்து
மீதி ரொட்டியைத் தின்னத் தொடங்கினார்.

நான் நுரையை உருட்டினேன்.
பட்டாணியாயிற்று.
காதுவரை கொண்டுபோகவில்லை,
ஏனென்று கேட்டால் தெரியாது.
விரலிடையிலேயே வீங்கிற்று.
மறுபடி உருட்டினேன், மறுபடி வீங்கிற்று,
ஜெஸ்டபோனி வரை இதே வேலை.

நாலு பேர் பிடித்து இயந்திரத்தை இறக்கினார்கள்.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை,
அதன் ஒரு மூலை அவர் தோளில் இருந்தது.
இருக்கையில் ரொட்டித் தூள்.
வானொலி அதே உச்சத்தில்.
குறைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
எனக்குத் தோன்றிற்று.
சொல்லவில்லை.