சும்மா வளர்க்க

டோங்காட் முழுக்க மின்வேலி போடுகிறவன் நான்.
எந்தச் சுவர் எத்தனை அடி,
எந்த நாய் குரைக்கும், எது பேசாமல் வந்து கடிக்கும்,
எல்லாம் அத்துப்படி.
ஆடு வாங்கப் போன அன்று
ஒன்றும் தெரியாது.

நாய் வேண்டாம் என்றவள் மகள் தேஷ்னி.
'நாய் இருக்கிற வீட்டிலெல்லாம்
பயந்துகொண்டேதானே இருக்கிறார்கள்,
நீங்கள்தானே சொன்னீர்கள்?'
சொல்லியிருப்பேன்.

கரும்பு லாரிகள் சோகை உதிர்த்துப் போகும் வளைவில்
பெக்கானியின் பட்டி.
'என்ன சடங்கு?' என்றான் முதலில்.
'உன் ஆட்கள் வீரனுக்கு வாங்குவார்கள்,
என் ஆட்கள் முன்னோருக்கு.
உனக்கு யாருக்கு?'
'சும்மா வளர்க்க.'
கதவருகே நின்ற பையனுக்கு அதை ஸூலுவில் சொன்னான்.
இரண்டு பேரும்
நெடுநேரம் சிரித்தார்கள்.

பிறகு ஒரு குட்டியைத் தொடைநடுவே இடுக்கி
கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினான்:
மாதுளை முத்துப்போல் சிவந்திருந்தால் எடு.
காகிதம்போல் வெளுத்திருந்தால்
ரத்தத்தைப் புழு குடித்தாயிற்று.
முழுக்கிடா வேண்டவே வேண்டாம்,
நாற்றம் உன் வேலியைத் தாண்டிப் போகும்.
காயடித்ததாக எடு.

ஏணிக்கும் கம்பிச்சுருளுக்கும் இடையில் நிற்கவைத்துக்
கொண்டுவந்தேன்
மாதுளைக் கண்ணன் ஒருவனை.

அன்றிரவு பதினொன்றுக்கு ஆரம்பித்தான்.
ஒன்றரைக்குக் கன்ட்ரோல் ரூமிலிருந்து எனக்கே போன்:
'உங்கள் தெருவில் குழந்தை அலறுகிறதாம்,
மிஸஸ் பெருமாள் பட்டனை அழுத்திவிட்டார்.'
துப்பாக்கியோடு வந்த இரண்டு பேர்
டார்ச் வெளிச்சத்தில்
அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
காலையில் தேஷ்னி பெயர் வைத்தாள்:
சைரன்.

திரும்பப் போனபோது பெக்கானி கேட்கவேயில்லை.
'ஒற்றை ஆடு ஆடில்லை' என்று
பட்டியைத் திறந்துவிட்டான்.
எல்லாவற்றின் இமையையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
தேஷ்னி பார்க்கவில்லை.
மூலையில், காது கிழிந்த ஒன்றன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.
குறையுள்ளது,
எந்தச் சாமியும் ஏற்காதது.
இமை? காகிதம்தான்.
அச்சடிக்காத காகிதம்.
பெக்கானி பாதி விலை சொன்னான்,
பிறகு அதிலும் பாதி.
அதன் பெயர் ஃப்யூஸ்.

அதற்கப்புறம்தான் வேலையே.
அளவு பார்த்துப் புழுமருந்து, நாக்கின் மேல் அல்ல, கன்னத்தோரம்.
குளம்பைச் சீவ வயர் வெட்டும் கத்தரி போதாது.
காதுமடலுக்குள், தொடையிடுக்கில்
உண்ணி தேட வேண்டும், நம் ஊர் உண்ணி
இதயத்தில் நீர் கோக்கவைக்கும்.
பூஜைக்கு வைத்த அரளி நஞ்சு.
மாமியார் நட்ட வெண்ணெய்ப்பழ மரம்,
அதன் இலையும் நஞ்சு
என்றார் போனில் மருத்துவர்.
'வெட்டலாமா?' என்றேன் வீட்டில்.
என் மனைவி பதில் சொல்லவில்லை,
சோறும் போடவில்லை.

ஆகவே மரத்துக்கு வேலி போட்டேன்.
இருபத்திரண்டு வருடத் தொழிலில்
மரத்துக்குப் போட்டது அது ஒன்றுதான்.
மூன்றாம் நாள் தாழ்ப்பாளை
உதட்டால் தூக்கித் திறந்தான் சைரன்.
சங்கிலி போட்டேன்.
உதிர்ந்த இலையைத் தினமும் கூட்டுகிறேன்,
காலையில் ஒரு முறை,
காற்றடித்தால் இன்னொரு முறை.

நேற்றிரவு கரண்ட் போனது.
தெரு நெடுக நான் மாட்டிய பெட்டிகளெல்லாம்
பேட்டரி தீரும் ஓசையில் கீச்சிட்டன.
போன் அணைத்துவிட்டு
கொட்டகையில் போய் உட்கார்ந்தேன்.
இருட்டில் அசைபோடும் சத்தம்.
ஃப்யூஸின் இடது விலாவில் காதை வைத்தால்
தூரத்தில் மழை உருள்கிற மாதிரி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இமையை இழுத்தேன்.

மாதுளை இல்லை.
காகிதமும் இல்லை.
கொய்யாவைப் பிளந்தால் ஓரத்தில் ஒரு நிறம் இருக்குமே,
அது.

மகளை எழுப்பலாமா என்று யோசிப்பதற்குள்
சைரன் என் சட்டைப்பையிலிருந்து
மிஸஸ் பெருமாளுக்கு எழுதிவைத்த பில்லை உருவி,
சுவரை இரண்டடி உயர்த்தக் கேட்டிருந்தார் அவர்,
தொகை வரைக்கும் தின்றுவிட்டிருந்தான்.